ஒரே தடத்தில் இரு நிறுவனப் பேருந்துகள்: போட்டியால் பயன் உண்டா என்று கணிப்பது எப்படி?

ஒரு வழித்தடத்தில் இரண்டாவது நிறுவனம் பேருந்து விடத் தொடங்கியதும் நடைகளின் எண்ணிக்கை கூடும். அதை மட்டும் பார்த்துச் சேவை மேம்பட்டுவிட்டதாகக் கொள்ள இயலாது. பயணி எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார் என்பதையே அளக்க வேண்டும்.

ஒரு நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு வேலை நாளிலும் ஒரு விடுமுறை நாளிலும், முதல் பேருந்திலிருந்து கடைசிப் பேருந்து வரை, ஒவ்வொன்றும் வந்த நேரத்தையும் அது எந்த நிறுவனத்துடையது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட கால அட்டவணையைப் பார்த்து எழுதுவதில் பயனில்லை; போட்டி முற்றிய தடத்தில் அதை முதலில் மறப்பவர்கள் அதை வெளியிட்டவர்களே.

பிறகு இடைவெளிகளைக் கணக்கிடுங்கள். இரு நிறுவனங்களும் மணிக்கு மும்மூன்று நடை விடுவதாகக் கொள்வோம். ஆறும் சீராக வந்தால் இடைவெளி 10 நிமிடம். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். ஒன்று மற்றொன்றுக்கு 2 நிமிடம் முன்னதாக ஓடி ஆட்களை ஏற்றிக்கொண்டால், இடைவெளிகள் 2, 18 என்று மாறிவிடும். பெரும்பாலோர் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து சேர்வார்கள் என்பதால், அதே ஆறு நடைகள் ஓடியும் சராசரி 8.2 நிமிடமாக உயர்கிறது. (இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டி, இடைவெளிகளின் கூட்டுத்தொகையைப் போல் இரு மடங்கால் வகுத்தால் இந்த விடை வரும்.) ஒரு நிறுவனத்தின் மாதச் சீட்டு மற்றதில் செல்லாது என்றால், அதை வைத்திருப்பவர் 20 நிமிடத்துக்கு ஒரு முறை வரும் அந்த நிறுவனப் பேருந்துக்காக முன்பு போலவே சராசரியாக 10 நிமிடம் நிற்கிறார், புதிய நிறுவனம் வந்ததில் அவருக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

அதிகாலை, இரவு நடைகளைத் தனியே பாருங்கள். கூட்ட நேர வசூல்தான் அவற்றின் நட்டத்தை ஈடுகட்டி வந்தது. அந்த வசூல் இரண்டாகப் பிரிந்ததும் முதலில் நிற்பவை அவையே.

ஓட்டுநருக்கு மாதச் சம்பளமா, வசூலில் பங்கா என்பதையும் விசாரியுங்கள். பங்கு என்றால், ஆள் சேரும்வரை நிறுத்தத்தில் நின்றுவிட்டு, பின்னால் போட்டிப் பேருந்து தெரிந்ததும் விரட்டி ஓட்டுவது வழக்கமாகிவிடும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இதைச் ‘சில்லறைக் காசுப் போர்’ என்றே அழைத்தார்கள்.

திடீர்க் கட்டணக் குறைப்பை நான் நம்புவதில்லை. 1994இல் இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரில் ஒரு நிறுவனம் கட்டணமே வாங்காமல் பேருந்து விட்டது. நகராட்சியின் பேருந்து நிறுவனம் அதே ஆண்டில் மூடப்பட்டது. எனவே, கட்டணம் குறைந்த மாதத்துக்குப் பிறகும் சில மாதங்கள் குறிப்பெடுத்து வாருங்கள்.

அனுமதி வழங்கும் அதிகாரியிடம் மனு கொடுக்கும்போது இந்தக் குறிப்புகளை இணைத்து, சீரான இடைவெளி, இரண்டிலும் செல்லும் பொதுச் சீட்டு, முன்னறிவிப்பின்றி அட்டவணையை மாற்றத் தடை ஆகியவற்றைக் கேளுங்கள். இவை கிடைக்காவிட்டால் ஒப்பந்தப்புள்ளி முறையை வலியுறுத்தலாம். 1986இல் பிரிட்டனின் பெரும்பகுதியில் பேருந்துத் தடங்கள் கட்டுப்பாடின்றித் திறந்துவிடப்பட்டபோது, லண்டன் அதிலிருந்து விலக்கப்பட்டது. அங்கே தடத்தையும் நேரத்தையும் பொது அமைப்பே வகுக்க, அவற்றை ஓட்டும் உரிமைக்கு மட்டும் நிறுவனங்கள் போட்டியிடுகின்றன.