கேரட்டை வேகவைத்துப் பெக்டினைப் புரிந்துகொள்ளலாம், வாங்க

புளித்தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம் காயைப் போட்டால் வேகாது என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் பெக்டின். அதை ஒரு பரிசோதனையாகவே செய்து பார்த்துவிடலாம், அடுப்பும் ஒரு வெப்பமானியும் இருந்தால் போதும்.

முதலில் கொஞ்சம் தியரி. தாவரச் செல்லின் சுவரில் செல்லுலோஸ் இழைகளுக்கு இடையில் நிறைந்திருப்பதும், ஒரு செல்லைப் பக்கத்துச் செல்லோடு ஒட்டவைப்பதும் பெக்டின்தான். அதில் பெரும்பகுதி, கேலக்டுரோனிக் அமிலம் வரிசையாகக் கோர்த்த நீளமான சங்கிலி. செல் இதைத் தயாரித்துச் சுவருக்கு அனுப்பும்போது பெரும்பாலான அமில முனைகள் மீதைல் தொகுதியால் மூடப்பட்டிருக்கும், அதனால் சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது, சுவரும் இளக்கமாக இருக்கும். பெக்டின் மீதைல் எஸ்டரேஸ் என்ற நொதி அந்த மூடிகளைக் கழற்றினால் முனைகளில் எதிர்மின்னூட்டம் வெளிப்படும். கால்சியம் அயனி வந்து இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டிவிடும். முட்டை அட்டைக் குழிகளில் முட்டை உட்கார்வது போலக் கால்சியம் உட்காருகிறது என்று 1973இல் ஒரு மாதிரி முன்வைத்தார்கள், இன்றும் பாடத்தில் அதுதான்.

ஆனால் மூடிகள் அடுத்தடுத்துக் கழன்றால்தான் கட்டு உறுதியாக விழும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கழன்றால், சங்கிலியை வெட்டும் வேறு நொதிகளுக்கு வழி திறந்து சுவர் இன்னும் இளகிப்போகும். ஆக, பெக்டினின் அளவை மட்டும் வைத்து உறுதியைக் கணிக்க முடியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: குண்டான கேரட்டை ஒன்றரை செ.மீ. கனத்தில் வட்டமாக நறுக்கி, 12 துண்டுகளை மூன்று மூன்றாகப் பிரியுங்கள். நான்கு கூட்டத்திலும் துண்டுகளின் பருமன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

படி 2: ஒரு கூட்டத்தை மட்டும் 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். 55க்குக் கீழே இறங்காமல், 65ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் பெரிய வேலை, அவ்வப்போது ஒரு கரண்டி கொதிநீர் சேர்த்துச் சமாளிக்கலாம்.

படி 3: நான்கு பாத்திரங்களில் தலா அரை லிட்டர் தண்ணீர். ஒன்றில் அரை டீஸ்பூன் சமையல் சோடா, இன்னொன்றில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர், மற்ற இரண்டில் ஒன்றும் வேண்டாம். கொதித்ததும் துண்டுகளைப் போட்டு எல்லாவற்றையும் 15 நிமிடம் வேகவிடுங்கள். வெந்நீரில் கிடந்த கூட்டம் வெறும் தண்ணீருக்கு.

படி 4: ஆறியதும் மூன்று துண்டுகளை முக்கோணமாக வைத்து, மேலே ஒரு தட்டு, தட்டின் நடுவில் காலிப் பாத்திரம். அதில் 100 மில்லி, 100 மில்லியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். 100 மில்லி என்றால் 100 கிராம், துண்டு நசுங்கும்போது எவ்வளவு எடை என்று குறித்துக்கொள்ளலாம். பச்சைக் கேரட்டோடு ஒப்பிட வேண்டாம், அதன் விறைப்புக்குச் செல்லுக்குள் இருக்கும் நீரின் அழுத்தமும் காரணம், வெந்தால் அது போய்விடும்.

சோடாத் துண்டுதான் முதலில் கூழாகும். சூடு 80 டிகிரியைத் தாண்டினால் மீதைல் மூடியுள்ள இடங்களுக்கு அருகில் சங்கிலி அறுபடும், சோடாவின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) அதை வேகப்படுத்தும். வினிகரில் அந்த அறுப்பு மந்தமாகிவிடுவதால் துண்டு விறைப்பாகவே நிற்கும். புளியும் செய்வது இதையேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது 60 டிகிரித் துண்டு. மற்றவற்றைவிட அதிக நேரம் சூட்டில் கிடந்தும் வெறும் தண்ணீரில் வெந்ததைவிட உறுதியாக இருக்கும்! அந்தச் சூட்டில் மேலே சொன்ன நொதி சுறுசுறுப்பாக மூடிகளைக் கழற்ற, கேரட்டிலேயே உள்ள கால்சியம் கட்டுப்போட்டுவிடுகிறது, மூடி குறைந்த சங்கிலி கொதிநீரில் அறுபடுவதும் குறைவு. நேராகக் கொதிநீரில் போட்டால் நொதி வேலையைத் தொடங்குவதற்குள் செத்துவிடும்.

பூசணி மிட்டாய்க்குக் காயைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பார்களே, சுண்ணாம்பும் காரம்தானே, ஏன் குழையவில்லை என்று கேட்கலாம். குளிர்ந்த தண்ணீரில் காரம் சங்கிலியை அறுப்பதைவிட மூடியைக் கழற்றுவதுதான் அதிகம், கட்டுவதற்குக் கால்சியமும் கூடவே இருக்கிறது. அடுப்பில் ஏற்றும் முன் நாலைந்து தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிடுவதால், சூடு ஏறும்போது காரமும் மிச்சம் இருக்காது.