பரணில் கிடக்கும் டிவி கேமை மறுபடி ஓட வைப்பது எப்படி?

இந்தப் போகிக்குப் பரணை ஒழித்தபோது, பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடைப் பை கிடைத்தது. உள்ளே பழுப்பேறிய பிளாஸ்டிக் பெட்டி, வயர் சுற்றிய இரண்டு ஜாய்ஸ்டிக், மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். வேண்டாத சாமான்களோடு அதையும் வைக்கச் சொன்னார் அம்மா. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கேசட்டின் மேல் "9999 இன் 1" என்று அச்சிட்டிருந்தது. உண்மையில் அதில் இருந்தவை ஏழெட்டு விளையாட்டுகள்தான்; மற்றவை அதே விளையாட்டு வேறு கட்டத்திலிருந்து தொடங்குபவை. அந்த ஏழெட்டை வைத்துக்கொண்டு நானும் அண்ணனும் மூன்று கோடை விடுமுறைகளைக் கழித்திருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பை இருக்கலாம். மின்சாதனங்களைத் திறந்து பழக்கமில்லாதவர்களும் அதை மீட்டெடுத்துவிட முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கையில் இருப்பது எந்தப் பெட்டி?

நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. அதை வடிவமைத்த மசயுகி உஎமுரா 2021 டிசம்பரில் காலமானார். 90களில் நம் ஊர்க் கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் அந்த ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பொன்னிறத் தொடுமுனைகள் பக்கத்துக்கு 30 வீதம் மொத்தம் 60 இருந்தால் அது ஃபேமிகாம் வகை. அமெரிக்காவில் விற்ற நின்டெண்டோ கேசட்டில் 72 முனைகள் இருக்கும். அது அளவிலும் பெரியது, நம் பெட்டிக்குள் நுழையாது. பழைய கேசட் வாங்கப் போகிறவர்கள் இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இந்தப் பக்கத்தில் நீங்கள் இதுவரை படித்ததைச் சேமிக்கக்கூட அது போதாது. 32 கட்டங்கள் கொண்ட முதல் சூப்பர் மேரியோ விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. அந்தக் காலத்து நிரலாளர்கள் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணி எண்ணிச் செலவழித்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் அவர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

படி 1: பிளக்கில் செருகாதீர்கள்

ஆசை அடங்காதுதான். ஆனாலும் பொறுங்கள். பெட்டியைக் கவிழ்த்து, அடியிலுள்ள திருகுகளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு திருகும் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள், நீளம் வேறுபடும். மூடியைத் திறப்பதற்கு முன்பும் பின்பும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பச்சை அல்லது பழுப்புப் பலகை இருக்கும். பழைய பெட்டியென்றால் கருப்புச் சிப்புகள் தெரியும். பிற்காலத்து மலிவுப் பெட்டியென்றால் சிப்புக்குப் பதிலாக ஒரு கருப்புப் பொட்டு மட்டும் இருக்கும்; மொத்தப் பெட்டியும் அந்தப் பொட்டுக்குள்தான். உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ அடியில் பிசுக்குக் கசிந்திருந்தாலோ அதை மாற்ற வேண்டும். ரேடியோ பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் அன்றைக்கே மாற்றித் தந்துவிடுவார். தூசியை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எங்கள் பெட்டிக்குள் ஒரு பல்லி முட்டை ஓடு இருந்தது.

படி 2: அடாப்டர்

இந்த விளக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நண்பரிடமிருந்து வாங்கிய இன்னொரு பெட்டியை நான் இழந்தது இந்த இடத்தில்தான். கடையில் கேட்டதும் ஒரு அடாப்டரை எடுத்துக் கொடுத்தார்கள். பின் சரியாகப் பொருந்தியது, வோல்ட்டும் சரி. செருகியதும் கருகல் வாடை வந்தது, அவ்வளவுதான். பின்னுக்கு நடுவில் நேர்மின் வர வேண்டிய இடத்தில் எதிர்மின் வந்திருக்கிறது.

பெட்டியின் பின்புறத்திலோ அடியிலோ ஒரு சின்னப் படம் இருக்கும்: நடுவில் ஒரு புள்ளி, சுற்றி அரைவட்டம், இரண்டு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகள். புள்ளியோடு எந்தக் குறி கோடு போட்டு இணைந்திருக்கிறதோ அதுதான் பின்னின் நடுமுனை. அடாப்டரின் மேலும் இதே படம் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜப்பானின் அசல் ஃபேமிகாமில் நடுமுனை எதிர்மின். நகல்களில் இரண்டு விதமும் உண்டு. ஆகவே ஊகம் கூடாது. படம் அழிந்துபோயிருந்தால் பெட்டியையே தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நகல் பெட்டிகளில் பல 9 வோல்ட் கேட்பவை. உள்ளே இருக்கும் 7805 என்ற மூன்று கால் சிப் அதை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் பழைய அடாப்டரை மட்டும் பிளக்கில் செருகி அளந்து பாருங்கள். 9 என்று எழுதியிருக்கும், மீட்டர் 12, 13 காட்டும். பயப்பட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான பழைய அடாப்டர்கள் சுமை இல்லாதபோது கூடுதலாகவே காட்டும். வயர் உரிந்திருந்தால் மட்டும் தயங்காமல் புதிது வாங்குங்கள்.

படி 3: ஊதாமல் துடையுங்கள்

கேசட் ஓடாவிட்டால் என்ன செய்வோம்? கழற்றி, வாயருகே வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை புல்லாங்குழல் வாசிப்பதுபோல ஊதுவோம். மறுபடி செருகினால் ஓடும். ஊதியதால்தான் ஓடியது என்று அடித்துச் சொல்வான் அண்ணன். உண்மையில் ஓட வைத்தது கழற்றி மாட்டியதுதான். ஒவ்வொரு முறை செருகும்போதும் முனைகள் புதிதாக உரசி ஒட்டிக்கொள்கின்றன. நம் மூச்சின் ஈரமோ அந்த முனைகளில் படிந்து, நாளடைவில் களிம்பேற்றுகிறது.

மருந்துக்கடையிலோ மின்னணுப் பொருள் கடையிலோ ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது நல்லது. காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, முனைகளின் நீளவாக்கில் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு ஒரு முனையிலிருந்து அடுத்ததற்கு இடம் மாறும், அவ்வளவுதான். முதல் குச்சி கருப்பாக வரும். எங்கள் மஞ்சள் கேசட்டுக்கு ஒன்பது குச்சிகள் ஆயின. ஒன்பதாவது வெள்ளையாகவே வந்தபோது கிடைத்த திருப்தியைச் சொல்லி முடியாது. பிடிவாதமான கறைக்குப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரை மெதுவாக ஒருமுறை ஓட்டலாம். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பொன்முலாம் போய்விடும்.

பெட்டியின் வாயையும் துடைக்க வேண்டும். அதற்குள் குச்சி நுழையாது. மின்சாரம் இல்லாத நிலையில், ஆல்கஹாலால் லேசாக ஈரமாக்கிய கேசட்டை ஐந்தாறு முறை செருகி எடுங்கள், எடுத்துத் துடையுங்கள். பிறகு அரை மணி நேரம் காயவிடுங்கள்.

படி 4: ஜாய்ஸ்டிக்

பொத்தான் அமுங்குகிறது, ஆனால் மேரியோ குதிக்கவில்லையா? பின்பக்கத் திருகுகளைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு ரப்பர் விரிப்பும் அதன் அடியில் கருப்புக் கரிப் பொட்டுகளும் இருக்கும். பலகையை ஆல்கஹாலால் துடைத்து, ரப்பரை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். இடது கைக்கான கூட்டல் குறி வடிவப் பொத்தானை உருவாக்கியவர் நின்டெண்டோவின் குன்பெய் யோகொய். 1982இல் ஒரு கையடக்க விளையாட்டுக்காக அதைச் செய்தார். இன்றைய கைப்பிடிகளிலும் அது அப்படியே தொடர்கிறது.

படி 5: புது டிவியில் இணைப்பது

பெட்டியின் பக்கவாட்டில் மஞ்சள், வெள்ளை ஓட்டைகள் இருந்தால் ஏ.வி. வயரைப் பயன்படுத்துங்கள். மஞ்சளில் படம், வெள்ளையில் ஒலி. டிவியிலும் அதே நிறங்கள் இருந்தால் வேலை முடிந்தது. சில டிவிகளில் ஹெட்போன் துளை போன்ற ஒற்றைத் துளைதான் ஏ.வி. நுழைவாய், அதற்கான வயரை டிவி கையேட்டைப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் உள்ளே இணைப்பு வரிசை எல்லா வயரிலும் ஒன்றல்ல. பெட்டியில் ஆன்டெனா வயர் மட்டுமே இருந்தால், டிவியின் ஆன்டெனா துளையில் செருகி, பெட்டியை ஓடவிட்டு, அனலாக் சேனல்களைத் தேடச் சொல்லுங்கள். புள்ளிமழைக்கு நடுவே ஒரு இடத்தில் கேசட்டின் விளையாட்டுப் பட்டியல் இசையோடு எட்டிப் பார்க்கும்.

டிவியில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தானா? ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சிறு பெட்டி கிடைக்கிறது. அதற்கும் தனியாக யு.எஸ்.பி. மின்சாரம் தர வேண்டும். படம் வரும், ஆனால் பொத்தானை அழுத்துவதற்கும் மேரியோ குதிப்பதற்கும் இடையில் ஒரு தயக்கம் இருக்கும். டிவி அமைப்புகளில் "கேம் மோட்" போட்டால் பெருமளவு குறையும். திரை விகிதத்தை 4க்கு 3 என மாற்றுங்கள், இல்லாவிட்டால் மேரியோ தொப்பை போட்டுத் தெரிவார். பழைய குழாய் டிவி இன்னும் ஓடுகிற வீடாக இருந்தால், தயவுசெய்து அதைக் கழிக்காதீர்கள். இந்தப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான திரை இல்லை.

வாத்து சுடும் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. விசையை அழுத்தியதும் திரை கண நேரம் கருத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கிறது. எல்.இ.டி. டிவி அந்தக் கட்டத்தைத் தாமதமாகக் காட்டுவதால் எத்தனை முறை சுட்டாலும் வாத்து விழாது. அதற்குக் குழாய் டிவிதான் வேண்டும்.

படி 6: ஓடவிடுங்கள்

கேசட்டைச் செருகிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். ஓடும்போது கேசட்டைப் பிடுங்காதீர்கள். வெற்றுச் சாம்பல் திரை வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். எழுத்துகள் சிதறித் தெரிந்தாலும் அதேதான்.

எங்கள் பெட்டி நான்காவது முயற்சியில் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னும் இதே பாட்டுதானா?" என்றார். முகத்தில் சிரிப்பு.

அதே விளையாட்டை இன்றைய நின்டெண்டோ ஸ்விட்சில் ஆடிப் பார்த்தவர்கள், "முன்பு இவ்வளவு வேகமாக இல்லையே" என்று சொல்வதுண்டு. வயதானதால் தோன்றும் பிரமை அல்ல அது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் படம் நொடிக்கு 60 முறை மாறியது. பி.ஏ.எல். என்ற ஒளிபரப்பு முறைக்கேற்ற நம் நாட்டு டிவிகளுக்கு 50 முறை. விளையாட்டின் ஓட்டமும் இசையும் அந்த எண்ணிக்கையோடு கட்டுண்டவை. ஆகவே பி.ஏ.எல். பெட்டியில் ஆடிய நம் மேரியோ அசலைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடினார். நாம் பழகிய வேகம் வேறெங்கும் கிடைக்காது, இந்தப் பெட்டியில்தான் கிடைக்கும். இதைச் சரிசெய்யும் சிரமமெல்லாம் அதற்காகத்தான் என்பேன்.

இனி என்ன ஆடுவது?

பெட்டி ஓடத் தொடங்கிவிட்டால், பட்டியலில் மேலும் கீழும் அலைந்துவிட்டு அணைத்துவிடத் தோன்றும். அதற்கு இடம் கொடாதீர்கள். இரண்டு மூன்று விளையாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

என் நோட்டில் முதலாவது, இருவர் சேர்ந்து சுட்டுக்கொண்டே முன்னேறும் காண்ட்ரா. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்திவிட்டு ஆரம்பித்தால் மூன்று லைஃபுக்குப் பதில் முப்பது லைஃப். கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற நிரலாளர் 1986இல் கிராடியஸ் விளையாட்டுக்காகப் போட்ட குறுக்குவழி இது, காண்ட்ராவிலும் இடம்பெற்றது. முப்பது லைஃப் இருந்தும் நாங்கள் எட்டுக் கட்டங்களை முடித்ததில்லை. காரணம் மூன்றாம் கட்டத்து அருவி. ஒருவர் வேகமாக மேலே ஏறினால் திரையும் மேலே நகரும், கீழே நிற்பவர் செத்துவிடுவார். அண்ணன் ஏறிக்கொண்டே போவான். இந்தச் சித்திரையில் அவன் ஊருக்கு வருகிறான். அருவியில் நான் "ஏறலாம்" என்று சொல்லும்வரை ஏறக் கூடாது என்று இப்போதே தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது புதிய விளையாட்டு. ஆம், இந்தப் பழைய பெட்டிக்கு இன்றும் விளையாட்டுகள் எழுதுகிறார்கள். 2019இல் வெளிவந்த மைக்ரோ மேஜஸ் அந்தப் பழைய 40 கிலோபைட் வரம்புக்குள்ளேயே செய்யப்பட்டது. நான்கு பேர்வரை சேர்ந்து ஆடலாம். பழையதைத் தாண்டிப் போக விரும்புபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது டேங்க் விளையாட்டு. நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி. கட்டத்துக்கு இருபது எதிரி டேங்குகள், செங்கல் சுவருக்குள் நாம் காக்க வேண்டிய கழுகு. அதன் முதல் பக்கத்தில் "கன்ஸ்ட்ரக்ஷன்" என்று ஒன்று உண்டு. நம் விருப்பப்படி கட்டத்தை நாமே கட்டலாம். பெட்டியை அணைத்தால் கட்டியதெல்லாம் அழிந்துவிடும். ஆகையால் தாளில் வரைந்து வைத்துக்கொள்வதே வழி. களம் 13க்கு 13 சதுரங்கள். கணக்கு நோட்டின் கட்டங்கள் அதற்கு அப்படியே பொருந்துகின்றன. என் மகள் செங்கல்லுக்குச் சிவப்பு, இரும்புக்குப் பென்சில் கருப்பு, தண்ணீருக்கு நீலம் என்று வைத்துக்கொண்டு இதுவரை பதினொரு கட்டங்கள் வரைந்திருக்கிறாள். பன்னிரண்டாவதில் கழுகைச் சுற்றி முழுக்கத் தண்ணீர் விட்டிருக்கிறாள். எதிரி எந்தப் பக்கமாக வருவான் என்று நேற்றிரவு கேட்டேன். "ஆடிப் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஜாய்ஸ்டிக்கை நீட்டினாள்.