வீட்டுப் பட்டறைக்கு ஏர் கம்ப்ரெசர்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி ஓட்டுவது

கம்ப்ரெசர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர் டேங்க்?" என்றுதான். அடுத்த கேள்வி "எத்தனை ஹெச்.பி.?" இரண்டும் தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் இவற்றை மட்டும் நம்பி வாங்கினால் பாதி வேலையில் காற்று போதாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

படி 1: கருவிகளை எழுதிக்கொள்ளுங்கள்

கம்ப்ரெசரை வைத்து என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு கருவியின் கையேட்டிலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அழுத்தம். பெரும்பாலான காற்றுக் கருவிகள் 90 பி.எஸ்.ஐ. கேட்கும், அதாவது 6 பாருக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்கென்று விற்கும் கம்ப்ரெசர்களில் அநேகமாக எல்லாமே இதைத் தந்துவிடும், அதனால் இதில் குழம்ப வேண்டாம்.

இன்னொன்று காற்றின் அளவு, சி.எப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) கணக்கில். 1 சி.எப்.எம். என்றால் நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டர். டயருக்குக் காற்றடிப்பது, சின்ன ஆணி அடிக்கும் நெய்லர் இவற்றுக்கெல்லாம் 1, 2 சி.எப்.எம். தாராளம். நட்டு, போல்ட் கழற்றி மாட்டும் இம்பாக்ட் ரெஞ்சுக்கு 4, 5 வேண்டும். ஆனால் அது விட்டு விட்டு ஓடுவது, சமாளித்துவிடலாம். சாண்டர் (தேய்த்து வழவழப்பாக்கும் கருவி), கிரைண்டர், பெரிய ஸ்பிரே கன் போன்றவை 8, 10 என்று கேட்கும். அதுவும் விடாமல் கேட்கும். சிக்கலே இங்கேதான்.

பட்டியலில் அதிகம் காற்றுக் குடிக்கும் கருவி எதுவோ, அதன் அளவோடு கால்பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய கம்ப்ரெசர். சாண்டர் ஒன்றுக்காகவே அளவு எகிறுகிறது என்றால், மின்சார சாண்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு கம்ப்ரெசரைச் சின்னதாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் சி.எப்.எம்.மை அப்படியே நம்பாதீர்கள். பிஸ்டன் உள்ளே இழுக்கும் காற்று வேறு, ஹோஸ் வழியாக உங்கள் கைக்கு வரும் காற்று வேறு. இரண்டாவதைத்தான் 'ஃப்ரீ ஏர் டெலிவரி' என்பார்கள், 90 பி.எஸ்.ஐ.யில் அது எவ்வளவு என்று கேளுங்கள். பிஸ்டன் கம்ப்ரெசரில் 1 ஹெச்.பி.க்கு 3, 4 சி.எப்.எம். வந்தாலே நல்ல கணக்கு. 2 ஹெச்.பி. மோட்டாரை வைத்துக்கொண்டு 14 வரும் என்று சொன்னால், அது இழுக்கும் கணக்கு.

படி 2: டேங்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

டேங்க் காற்றை உண்டாக்காது, சேர்த்து வைக்கும். அவ்வளவுதான். 50 லிட்டர் டேங்க் 8 பாரில் நிரம்பியிருக்கிறது, உங்கள் சாண்டர் 6 பாருக்குக் கீழே போனால் சுணங்கும் என்று வைத்துக்கொள்வோம். 8-க்கும் 6-க்கும் வித்தியாசம் 2 பார். உபயோகமான காற்று 50 பெருக்கல் 2, ஆக 100 லிட்டர். சாண்டர் நிமிடத்துக்கு 280 லிட்டர் குடிக்கிறது, பம்ப் 140 தருகிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தாலும் நிமிடத்துக்கு 140 லிட்டர் துண்டு விழும். முக்கால் நிமிடத்துக்குள் சாண்டர் தள்ளாட ஆரம்பித்துவிடும். டேங்க் 100 லிட்டராக இருந்தால் ஒன்றரை நிமிடம் தாங்கும். அப்புறம் அது நிரம்பவும் இரண்டு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். வீட்டுக் கம்ப்ரெசர்கள் பலவும் பாதி நேரம் ஓடி, பாதி நேரம் ஆறுவதற்காகச் செய்யப்பட்டவை என்பதையும் மறக்காதீர்கள்.

எண்ணெய் உள்ளதா, இல்லாததா? எண்ணெய் இல்லாததில் பராமரிப்பு குறைவு. ஆனால் பொதுவாகச் சத்தம் அதிகம், ஆயுள் குறைவு. அடிக்கடி ஓட்டுவதானால் எண்ணெய் உள்ளதையே எடுங்கள்.

படி 3: வைக்கும் இடம், இணைப்புகள்

சமதரையில், காற்றோட்டம் உள்ள இடத்தில், சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். பெயின்ட் வாடையோ மரத்தூளோ உள்ள இடம் ஆகாது. நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். தூரத்தில் வேலை என்றால் ஒயரை நீட்டாதீர்கள், ஹோஸை நீட்டுங்கள்.

ஹோஸின் உள்விட்டம் 8 மி.மீ. இருக்கட்டும். கூடவே வரும் சுருள் ஹோஸ் டயருக்குப் போதும், ரெஞ்சுக்குப் போதாது. சுவரோரமாகக் காற்று லைன் இழுக்க பி.வி.சி. பைப் மட்டும் வேண்டவே வேண்டாம். அது கிழியாது, வெடித்துச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

படி 4: முதல் ஓட்டம்

எண்ணெய் உள்ள வகை என்றால், பக்கவாட்டுக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளியின் நடுவரை கம்ப்ரெசர் எண்ணெய் ஊற்றுங்கள். கையேடு சொல்லும் நேரம் டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறந்து வைத்துச் சுமையில்லாமல் ஓட்டிவிட்டு மூடுங்கள். டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். நின்றவுடன், மோட்டாரை நிறுத்தி ஓட்டும் பிரஷர் சுவிட்ச் பக்கம் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். பயப்பட வேண்டாம், அது வர வேண்டிய சத்தம். பிஸ்டனுக்கு மேலே அடைபட்ட காற்றை வெளியேற்றினால்தான் அடுத்த முறை மோட்டார் சுலபமாகச் சுற்றும்.

சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்புகளிலும் தடவுங்கள். குமிழி வரும் இடத்தைக் கழற்றி, டெஃப்லான் டேப் சுற்றி மறுபடி முடுக்குங்கள். காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

படி 5: வேலை செய்யும்போது

கருவிக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைக் கருவியின் விசையை அழுத்திக்கொண்டே திருப்புங்கள். சும்மா இருக்கும்போது 90 காட்டும் முள், காற்று ஓட ஆரம்பித்ததும் 70க்கு விழலாம். ஓடும்போது காட்டுவதுதான் கணக்கு.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஏர் கன்னால் துணியில் ஒட்டிய தூசியைத் தட்டும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு, ஆபத்தான பழக்கம். தோலில் சின்ன வெட்டு இருந்தால் போதும், காற்று அதன் வழியே உள்ளே புகுந்துவிடும். சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது கவனம்: அதன் கொள்ளளவு சிறிது, சில நொடியில் வெடித்துவிடும்.

படி 6: தண்ணீரை வெளியேற்றுங்கள்

காற்றை நெருக்கினால் சூடாகும். டேங்கில் ஆறும்போது அதிலிருந்த ஈரம் தண்ணீராக அடியில் தங்கும். டேங்க் உள்ளிருந்து துருப்பிடிப்பது இதனால்தான், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அழுத்தம் 1, 2 பாருக்கு இறங்கியபின் டிரெயின் வால்வைத் திறங்கள். செந்நிறத் தண்ணீர் பீறிட்டு வந்து, பிறகு வெறும் காற்று வரும்வரை விடுங்கள். பெயின்ட் அடிப்பவர்கள் தண்ணீர் பிரிப்பானை டேங்கை ஒட்டி மாட்டாமல், ஹோஸின் மறுமுனையில் கன்னுக்குப் பக்கத்தில் மாட்டவேண்டும். காற்று ஹோஸில் ஆறிய பிறகுதான் மிச்ச ஈரம் தண்ணீராகும்.

மாதம் ஒருமுறை, அழுத்தம் எல்லை மீறினால் காற்றைத் திறந்துவிடும் சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்து, காற்று வருகிறதா, விட்டதும் நிற்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

மோட்டார் நின்ற பிறகும் பிரஷர் சுவிட்ச் அடியில் 'உஸ்ஸ்' என்று விடாமல் காற்று கசிந்தால் சுவிட்சை மாற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி, காற்று பம்புக்குத் திரும்பாமல் தடுக்க டேங்கின் வாயில் இருக்கும் செக் வால்வ். அதில் ஒரு துணுக்குக் கரி ஒட்டியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, கேஜ் முள் பூஜ்ஜியத்தில் நிற்பதைப் பார்த்தபின் கழற்றித் துடைத்து மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும்.