முதல் ஒரு மாதம் ஒரே தெருவில் படம் எடுங்கள்

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான். ஒரு மாதத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டு, தினமும் அரை மணி நேரம் அங்கே போங்கள். போன் கேமராவே போதும். எனக்கு அப்படி வாய்த்தது மயிலாப்பூர் மாட வீதி. அதை வைத்தே சொல்கிறேன்.

1. வெளிச்சத்தைப் பாருங்கள்

முதல் மூன்று நாள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். வெயில் எங்கிருந்து வருகிறது, எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று மட்டும் கவனியுங்கள். கபாலீசுவரர் கோயிலுக்கு மேற்கே குளம். காலையில் குளத்தின் மேற்குக் கரையில் நின்றால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும். கோபுரம் கறுப்பாகத்தான் பதியும். சிற்பங்களின் வண்ணம் வேண்டுமா, மாலையில் வாருங்கள்.

இங்கே ஒரு பூக்கடையில் நான் முதலில் எடுத்த மல்லிகை எல்லாம் நீலம் போட்டதுபோல் வந்தது. எந்த வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்சை மாற்றினேன். பூ வெளுத்தது, தெருப்பக்கம் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவின் முகம் மஞ்சளாகிவிட்டது. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய்! ஒயிட் பேலன்சைப் பழையபடி வைத்தேன்; அவர் கூடையை ஒரு முழம் வெளியே நகர்த்தியதும் பூ தன் வெள்ளைக்குத் திரும்பியது. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் மேலே பார்க்கிறேன்.

2. ஒரு நாளைக்கு 36 படம்

பழைய ஃபிலிம் ரோலில் 36 படம்தான். அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஜூம் வேண்டாம்; கிட்டத்தில் வேண்டுமென்றால் நடந்து போங்கள். எடுத்த படத்தை உடனே திரையில் பார்க்காதீர்கள், குனிந்திருக்கும் அந்த இரண்டு விநாடியில்தான் எதிரே ஏதாவது நடக்கும்.

3. முதலில் பேசுங்கள்

இதுதான் முக்கியம், பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். "அக்கா, நீங்க பூ கட்டுறத எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று கேமராவை இறக்கிவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்கவே கூடாது.

சம்மதித்தாலும் உடனே அழுத்த வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் அவர்கள் கேமராவுக்காக உட்கார்ந்திருப்பார்கள். பிறகு வேலை அவர்களை இழுத்துக்கொள்ளும், விரல்கள் தங்கள் வேகத்துக்கு வரும். ஷட்டர் வேகம், அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், 1/500 விநாடி என்றால் அந்த விரல்கள் உறைந்து நிற்கும். 1/30 வைத்து, கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டால் பூ தெளிவாக இருக்க விரல்கள் மட்டும் கலங்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நல்ல படம் ஒன்றை நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் கொடுங்கள். நான் கொடுத்த படத்தைப் பூக்காரம்மா தராசுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

4. ஆறப்போட்டுத் தேர்ந்தெடுங்கள்

எடுத்த அன்றே எதையும் அழிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரத்துக்கு ஐந்து மட்டும் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன் பிடித்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். "அழகாக இருக்கிறது" என்று எழுத வந்தால் அந்தப் படத்தை மறுபடி பாருங்கள்.

படங்களை இரண்டு இடத்தில் சேமித்த பிறகே மெமரி கார்டைக் காலி செய்யுங்கள். பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள். பூக்கடை விடிவதற்குள் திறந்துவிடும்.