மழை பார்க்கும் செயலிக்கு உங்கள் வீட்டு வாசல் எதற்கு?

வானிலைச் செயலியின் இருப்பிட அனுமதியில் ‘துல்லியமான இருப்பிடம்’ என்பதை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி இருக்கிறது. அமைப்புகளில் அந்தச் செயலியைத் திறந்து அனுமதிகள், இருப்பிடம் என்று போனால் அடியில் ஒரு சிறு பொத்தான். அணைத்தபின் செயலிக்குத் தெரிவது ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் வட்டாரம் மட்டும். மன்னார்குடிப் பக்கம் இன்று மழையா, சம்பா வயலுக்கு உரம் போடலாமா என்று பார்க்க அது தாராளமாகப் போதும். நீங்கள் எந்த வரப்பில் நிற்கிறீர்கள், இரவு யார் வீட்டில் தங்கினீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தேவையே இல்லை. சேகரிக்காத தகவலை யாரும் விற்க முடியாது, எந்த அரசும் கேட்டு வாங்கவும் முடியாது.

வழிகாட்டும் வரைபடத்துக்கும், வயலை இடக்குறியோடு படமெடுத்துப் பதிவேற்றும் செயலிக்கும் இதைச் செய்யாதீர்கள். உங்கள் செல்போன் எந்தக் கோபுரத்தோடு இணைந்தது என்ற பதிவையும் இது தடுக்காது: சிம் இயங்கும்வரை அது தொலைபேசி நிறுவனத்திடம் சேர்ந்துகொண்டே இருக்கும், சட்டப்படி அரசு அதைக் கேட்டுப் பெறலாம். அங்கே நமக்குத் துணை நிற்பது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாக அளித்த தீர்ப்புதான்.