பழம் புதுசுதான், காக்டெயில் ஏன் சப்பென்று இருக்கிறது?

பழுத்த ஸ்ட்ராபெர்ரி, ஒரு கொத்துப் புதினா, அப்போதுதான் பிழிந்த எலுமிச்சைச் சாறு, நல்ல ஜின். இத்தனையும் இருந்தும் கிளாஸில் வருவது சப்பென்று இருக்கிறது, இல்லையென்றால் தொண்டையைப் பிடிக்கிற இனிப்பு. உடனே பழி ஜின் மேல் விழும். பெரும்பாலும் ஜின் மேல் தப்பே இருக்காது. புட்டியில் வருவது என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும். பழம் அப்படியில்லை, ஐஸும் அப்படியில்லை. செய்முறையில் எழுதியிருக்கும் மில்லி கணக்கு வேறு யாரோ, வேறு ஒரு பழத்தை வைத்துப் போட்டது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்து கிளைத்தவை.

அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று கண்ணளவில் ஊற்றுவதும் ஆகாது. ஒரு கிளாஸுக்கு 60 மில்லி மது, 25 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரை சிரப் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். ரம் ஊற்றினால் டைக்கிரி, ஜின் ஊற்றினால் கிம்லெட்டுக்குப் பக்கத்தில் வரும். இந்த 20 மில்லியில் 5 மில்லி கை தவறினாலே இனிப்பு கால் பங்கு ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும். கண்ணளவு அங்கேதான் காலை வாருகிறது. ஜிகர் என்கிற, மது அளக்கும் சின்னக் கப் இல்லாவிட்டால் இருமல் மருந்தோடு வரும், மில்லி கோடு போட்ட சின்னக் கப்பே போதும். நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

பழத்தை வாயில் போட்டுப் பார்க்காமல் அளப்பது

சீசன் பழம் என்றாலே இனிக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி, தர்பூசணி எல்லாம் பறித்த பிறகு இனிப்பு ஏறாத பழங்கள். சிவந்து, மென்மையாகி, வீட்டு மேசையில் இரண்டு நாள் இருந்தாலும் சர்க்கரை கூடாது. பீச், மாம்பழம் போன்றவை பறித்த பின்னும் பழுக்கும், அவற்றுக்குக் காத்திருக்கலாம். ஆகவே ஷேக்கரை (ஐஸோடு கலந்து குலுக்கும் மூடிய பாத்திரத்தை) எடுப்பதற்கு முன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். தேனாக இனித்தால் சிரப்பை 10 மில்லிக்குக் குறையுங்கள். மந்தமாக இருந்தால் பழத்தை நறுக்கி, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை தூவி அரை மணி நேரம் விடுங்கள். சர்க்கரை சாற்றை வெளியே இழுத்துவிடும். அந்தச் சாறே சிரப். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் ஜாம் வாசனை வந்துவிடும். ஜாமும் நல்லதுதான், ஆனால் புதுப் பழம் வாங்கியது அதற்கில்லையே.

புளிப்பிலும் இதே கதை. எலுமிச்சை தீர்ந்துவிட்டது, ஆரஞ்சு இருக்கிறது, அதையே 25 மில்லி பிழிந்துவிடலாம் என்று தோன்றும். லைம், லெமன் சாற்றில் அமிலம் ஏறக்குறைய 6 சதவீதம். கிரேப்ஃப்ரூட் என்ற கசப்பு கலந்த பெரிய சிட்ரஸ் பழத்தில் சுமார் 2, ஆரஞ்சில் 1-ஐ ஒட்டித்தான். வாசனை சிட்ரஸாக இருந்தாலும் புளிப்பில் ஆரஞ்சு எலுமிச்சையின் இடத்தைப் பிடிக்காது. ஆரஞ்சு ஊற்றுங்கள், தாராளமாக ஊற்றுங்கள். கூடவே 15 மில்லியாவது எலுமிச்சையும் சேருங்கள்.

எப்போது ருசி பார்ப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. குளிர்ச்சி ஏற ஏற நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். ஐஸ் போடுவதற்கு முன் ருசி பார்த்து "சரியாக இருக்கிறது" என்று நிறுத்தினால், குலுக்கி ஊற்றியதும் அது புளித்துத் தெரியும், தண்ணீர் வேறு சேர்ந்திருக்கும். எனவே ஐஸுக்கு முன் கொஞ்சம் இனிப்பு தூக்கலாக, கொஞ்சம் காட்டமாக இருக்க வேண்டும். முடிவான ருசியைக் குலுக்கிய பிறகு பாருங்கள். பார்டெண்டர்கள் ஒரு ஸ்ட்ராவை உள்ளே விட்டு, மேல் முனையை விரலால் அடைத்து, நாலு துளி எடுத்து நாக்கில் விட்டுப் பார்ப்பார்கள். புளித்தால் அரை டீஸ்பூன் சிரப். இனித்தால் 5 மில்லி எலுமிச்சை. கசப்பு தூக்கினால் ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பு, அது கசப்பை அமுக்கும். நீர்த்துப் போயிருந்தால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஐஸில் கஞ்சத்தனம்

1806-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரத்தில் வெளிவந்த ஒரு செய்தித்தாள், காக்டெயில் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்குப் பதில் எழுதியது: மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (மூலிகை ஊறிய கசப்புச் சாரம்). தண்ணீரைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். இன்றைக்கு அந்தத் தண்ணீர் ஐஸ் வழியாக வருகிறது, அதனால் செய்முறைப் பட்டியலில் அதைக் காணோம். பட்டியலில் இல்லாததை யாரும் அளப்பதில்லை.

105 மில்லி கலவையை ஐஸோடு குலுக்கினால் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் சேரும். சேரத்தான் வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது உறிஞ்சும் வெப்பம், ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரி செல்சியஸிலிருந்து 0 டிகிரிக்கு இறக்கும் அளவு பெரியது. குளிர்ச்சியின் பெரும்பகுதி அந்த உருகலிலிருந்துதான் வருகிறது. உருகாமல் குளிராது. ஆல்கஹால் கலந்திருப்பதால் கலவை 0 டிகிரிக்கும் கீழே, மைனஸ் 5 டிகிரி வரைகூடப் போகும். சாதாரண ஜூஸில் இந்தக் குளிர்ச்சி கிடைக்காது.

இங்கேதான் பலரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். தண்ணீராகிவிடுமே என்று பயந்து கிளாஸில் இரண்டே கட்டி போடுகிறார்கள். இரண்டு கட்டியால் பானத்தைக் குளிர்விக்க முடியாது, முயன்று முயன்று முழுதாகக் கரைந்துவிடும். கடைசியில் கையில் இருப்பது வெதுவெதுப்பான தண்ணீர்க் கலவை. கிளாஸ் நிறைய ஐஸ் போட்டால் சீக்கிரம் குளிர்ந்து, அதன்பிறகு மெதுவாக உருகும். ஷேக்கரிலும் முக்கால்வாசி ஐஸ், 12 விநாடி போல வேகமாகக் குலுக்கல், அவ்வளவுதான். குலுக்கிய ஐஸைக் கொட்டிவிட்டுக் கிளாஸில் புது ஐஸ் போடுங்கள்.

ஐஸ் ஈரமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாளியில் அரை மணி நேரம் கிடந்த கட்டிகள் மேலே தண்ணீர் பூசி வழுக்கும். அந்தத் தண்ணீர் குளிர்ச்சி எதையும் தராமல் கலவைக்குள் போய்விடும். வடித்துவிட்டுப் போடுங்கள். அப்புறம் வாசனை. ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் திறந்து வைத்த டிரேயில் உறைந்த ஐஸ் அந்த வாடையை இழுத்து வைத்திருக்கும். மீன் வாடை அடிக்கும் பீச் காக்டெயிலை விருந்தாளிக்கு நீட்டிவிட்டு என்ன சமாதானம் சொல்வது? மூடிய டப்பாவில் உறைய வையுங்கள்.

எட்டுப் பேருக்கு முன்கூட்டியே ஜாடியில் கலந்து வைப்பவர்களிடம் இதற்கு நேர் எதிரான தவறு. யாரும் குலுக்கவில்லை, ஆகவே தண்ணீர் சேரவே இல்லை. கிளாஸுக்கு 60, 60 என்று பெருக்கி ஊற்றிய மது அப்படியே காட்டமாக இறங்கும். ஜாடிக் கலவைக்கு மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு குளிர்ந்த தண்ணீர் நீங்களாகச் சேர்த்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். சாறும் சோடாவும் பரிமாறும் நேரத்தில். சோடா புட்டியும் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும், வெப்பம் ஏறினால் வாயு தங்காது. ஷேக்கருக்குள் சோடாவை ஊற்றிக் குலுக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை, சமையலறைச் சுவரே சொல்லும்.

புதினாவை நசுக்குவது

ரம்மும் புதினாவும் சேரும் மொஹிட்டோ என்றதும், மட்லரை (இலையை அமுக்கும் சின்ன உலக்கையை) எடுத்து உரலில் இடிப்பதுபோல் இடிப்பவர்கள் உண்டு. புதினாவின் வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுரப்பிகளில் இருக்கிறது. லேசாக அழுத்தினாலே உடையும். அதற்கு மேல் இலையைக் கிழித்தால் வெளியே வருவது புல் வாடையும் கசப்பும்தான். கிழிந்த இலை சீக்கிரம் கறுத்தும் போகும், துணுக்குகள் ஸ்ட்ராவை அடைக்கும். எட்டு இலையைச் சிரப்போடு கிளாஸின் அடியில் போட்டு, மட்லரால் நாலைந்து முறை அமுக்கித் திருப்புங்கள். மூக்கில் வாசனை ஏறியதும் நிறுத்திவிடுங்கள். மேலே செருகும் கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும். துளசி வகை எதுவானாலும் இதே கைப்பக்குவம்தான். ரோஸ்மேரி கடினமான இலை, அதை இன்னும் கம்மியாகத் தொடுங்கள், எண்ணெய் அதிகம் இறங்கினால் மருந்து குடித்ததுபோல் ஆகிவிடும்.

எலுமிச்சைத் தோலிலும் வாசனை இருப்பது வெளித்தோலில் மட்டும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். தோலைச் சீவும்போது வெள்ளை வந்துவிட்டால் கத்தியால் வழித்துவிடுங்கள். தோலைப் பயன்படுத்துவதாக இருந்தால் மெழுகு பூசிய பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவுவது அவசியம். பழத்தைப் பிழியும்போதும் கடைசிச் சொட்டுக்காக மல்லுக்கட்டாதீர்கள், அந்தச் சொட்டில் கசப்புதான் வரும். பிழிந்த சாற்றை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மறுநாள் அதன் புளிப்பு அப்படியே இருக்கும், பளிச்சென்ற வாசனை போயிருக்கும்.

கரையாத இனிப்பு, திரியும் பால்

சர்க்கரையைக் குளிர்ந்த கலவையில் நேராகப் போட்டால் அடியில் மணலாகத் தங்கும். தேன் இன்னும் மோசம், ஐஸில் பட்டதும் இறுகி ஷேக்கரில் ஒட்டிக்கொள்ளும். தேனைச் சம அளவு வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். சர்க்கரை சிரப்பில், சர்க்கரையும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று இரண்டு வகை உண்டு. செய்முறை எதைச் சொல்கிறது என்று பாருங்கள், மேலே நான் சொன்ன 20 மில்லி ஒன்றுக்கு ஒன்று. பழம் சேர்த்த சிரப்பை ஃபிரிட்ஜில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பாலும் க்ரீமும் எலுமிச்சையோடு சேர்ந்தால் திரியும், இது எல்லோருக்கும் தெரியும். புது அன்னாசியும் கிவியும் வேறு விதமாகக் கெடுக்கும். அவற்றிலுள்ள என்சைம் பால் புரதத்தை உடைத்து, சிறிது நேரத்தில் கசப்பாக்கிவிடும். அன்னாசியும் க்ரீமும் சேரும் பானத்தைக் கலந்த கையோடு குடித்துவிடுங்கள், அல்லது அன்னாசிச் சாற்றை ஒரு கொதி விட்டு ஆறவைத்துச் சேருங்கள். வேண்டுமென்றே பாலைத் திரியவைத்து வடிகட்டும் மில்க் பஞ்ச் என்ற பழைய வித்தையும் இருக்கிறது. அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1763-ல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தோடு அதன் செய்முறையை அனுப்பியிருக்கிறார். திரிந்த பால் கசப்பையும் கலங்கலையும் பிடித்து வைத்துக்கொள்ளும், தெளிந்த பானம் கீழே இறங்கும். ஆனால் அது பொறுமை கேட்கும் வேலை, விருந்தாளி வாசலில் நிற்கும்போது ஆரம்பிக்காதீர்கள்.

வெர்மூத் புட்டியை அலமாரியில் மாதக்கணக்கில் திறந்து வைப்பது இன்னொன்று. அது ஒயினை அடிப்படையாகக் கொண்டது, காற்று பட்டால் மங்கிவிடும். ஃபிரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். முட்டை வெள்ளைக்கருவில் நுரை எடுப்பதாக இருந்தால் பாஸ்டரைஸ் செய்தது நல்லது. கர்ப்பிணிகளுக்கு மது கலக்காததைக் கொடுத்தாலும் பச்சை முட்டை வேண்டாம்.

ருசியோடு முடியாத தவறுகள்

வெயிலில் உட்கார்ந்து லைம் பிழிகிறீர்களா? சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் அதிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் வேலையைக் காட்டும். ஓரிரு நாளில் சிவந்து, தீக்காயம்போலக் கொப்பளம்கூட வரும். கறுத்த தழும்பு வாரக்கணக்கில் இருக்கும். வீட்டுக்குள் பிழிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வெளியே போங்கள்.

உள்பூச்சு இல்லாத செம்புக் கோப்பையில் எலுமிச்சை கலந்த பானம் வேண்டாம், புளிப்பு செம்பைக் கரைக்கும். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அலங்காரத்துக்கு மலர்க்கொத்துக் கடைப் பூவைச் செருகாதீர்கள். அதில் பூச்சிமருந்து இருக்கலாம். சில பூக்கள், உதாரணத்துக்கு அரளி, விஷமே.

இனிப்பும் குளிர்ச்சியும் காட்டத்தை மறைப்பதால் எத்தனை குடித்தோம் என்ற கணக்கு தவறும். 40 சதவீத மது 60 மில்லியில் சுத்த ஆல்கஹால் 24 மில்லி. 12 சதவீத ஒயின் 150 மில்லி கிளாஸில் அது 18 மில்லி. ஜூஸ் மாதிரி இறங்கும் ஒரு கிளாஸ், ஒன்றேகால் கிளாஸ் ஒயினுக்கும் மேல்.

கிரேப்ஃப்ரூட் கலப்பதற்கு முன் விருந்தாளிகள் யாராவது தினசரி மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கனடாவில் 1980-களின் கடைசியில், ரத்த அழுத்த மாத்திரையோடு ஆல்கஹால் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். ஆல்கஹாலின் ருசியை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட எகிறியது. காரணம் அந்தச் சாறுதான். குடலில் மருந்தை உடைக்கும் என்சைமை அது முடக்குகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சிலவும் இதில் அடக்கம். முதல்நாள் குடித்தது மறுநாள் மாத்திரையையும் பாதிக்கும், எனவே நேரம் தள்ளிக் குடித்தும் தப்பிக்க முடியாது. மாத்திரையோடு மது சேரலாமா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு அதே எலுமிச்சை, அதே புதினா, 15 மில்லி சிரப் போட்டு, கிளாஸ் நிறைய ஐஸும் சோடாவும் ஊற்றிக் கொடுங்கள். மதுவின் காட்டம் இல்லாததால் சிரப் அவ்வளவே போதும்.