‘செட்’ என்ற சொல்லைப் பிடிப்பது எப்படி?

பினாங்கில் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளை அதிகம் திணறடிக்கும் ஆங்கிலச் சொல் ‘செட்’தான். 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவே இதற்குத்தான். அதனால் பொருள்களை மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்.

எது ‘செட்’ ஆகிறது என்று முதலில் கேளுங்கள். சூரியன் என்றால் மறைகிறது. அகார் அகார் (கடற்பாசி இனிப்பு) என்றால் இறுகுகிறது. தட்டைச் சாய்த்தாலும் வழியாத பதம் அது. அலாரம் என்றால் நேரம் குறித்து வைக்கிறோம். வலைக்கு மேலே பந்தைக் காலால் உதைத்து ஆடும் செபாக் தக்ராவில் ஆட்டத்தின் ஒரு பகுதி.

அப்புறம், பின்னால் ஒட்டும் சின்னச் சொல். இங்கேதான் நிதானம் வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படுவதும் ‘செட் ஆஃப்’, தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதும் ‘செட் ஆஃப்’. அடுத்து ‘ஃபார்’ வந்து இடப்பெயர் வந்தால் பயணம். நேரே பட்டாசு என்று வந்தால் வெடிக்க வைப்பது. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் ‘செட் இன்’. கடை போட்டால் ‘செட் அப்’.

இறந்த காலத்திலும் ‘செட்’ மாறாது. ‘செட்டட்’ என்று எழுதினால் நான் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். வாரத்துக்கு ஒரு பொருள் போதும், சரியா? அன்று வீட்டில் நடந்ததை வைத்தே வாக்கியம் எழுதுங்கள்.